பை சுமப்பவனுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு 24 வயது. கடனில் வாங்கிய டாடா ஏஸ் வண்டி ஓட்டுகிறான். மூன்று மாதத் தவணை பாக்கி. கூடப் படித்த பையன் ஒருவன், விசாகப்பட்டினம் பக்கம் போய் ஒரு லோடு ஏற்றி வந்தால் 20,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அது கஞ்சா லோடு என்று தம்பிக்குத் தெரியும். என்னிடமும் சொல்லிவிட்டான். "கோடிக்கணக்கில் புரளும் தொழில் அக்கா. நாலு தடவை போய் வந்தால் கடன் அடைந்துவிடும். அப்புறம் நானே ஆள் வைத்துப் பண்ணுவேன்" என்கிறான். அந்தக் கோடி உண்மையில் யாருக்குப் போகிறது? கீழே இருப்பவன் மேலே வர முடியுமா? தப்பு, பாவம் என்றால் காதில் வாங்கமாட்டான். கணக்குச் சொன்னால் கேட்பான். (பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி உங்களிடம் வாய்விட்டுச் சொன்னானே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். 20 வருடத்துக்கு மேலாகப் போதைப்பொருள் வழக்குகள் நடத்துகிறேன். அக்காக்களும் அம்மாக்களும் என் அலுவலகப் படி ஏறுவது எப்போதும் கைதுக்குப் பிறகுதான். நீங்கள் முன்னாலேயே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் கேட்டபடி கணக்கையே சொல்கிறேன். இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இந்தத் தொழிலின் வரவு செலவு அக்குவேறு ஆணிவேறாக அலசப்பட்டிருப்பது கொக்கைன் விஷயத்தில். தென் அமெரிக்காவில் விளைந்து அமெரிக்கத் தெருவில் விற்கும் சரக்கு அது. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2010இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 2008இல் அமெரிக்காவின் கொக்கைன் சந்தை சுமார் 3,500 கோடி டாலர். இதை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொலம்பியா, பெரு, பொலிவியாவில் கொக்கைன் எடுக்கும் கோக்கா செடி வளர்க்கும் விவசாயிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றரை ரூபாய். அங்கேயே இலையைப் பதப்படுத்தி நாட்டுக்குள் கடத்துபவர்களுக்கு ஒரு ரூபாய். கடல் தாண்டி, எல்லை தாண்டிக் கொண்டுபோகும் சர்வதேசக் கடத்தல்காரர்களுக்கு 13 ரூபாய். அமெரிக்காவுக்குள் மொத்த வியாபாரிகளுக்கு 15 ரூபாய். மிச்சம் கிட்டத்தட்ட 70 ரூபாய், இடைநிலை வியாபாரி தொடங்கித் தெருவில் விற்பவன் வரைக்கும்.

இந்த இடத்தில் உங்கள் தம்பி நிமிர்ந்து உட்கார்வான். "பாருக்கா, கீழே இருப்பவனுக்குத்தானே 70 ரூபாய்!" என்பான். அவசரப்படாமல் தலைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரு டன் சரக்கைக் கடல் தாண்டி அனுப்பச் சில பேர் போதும். அதே ஒரு டன்னை ஒரு கிராம், அரை கிராம் பொட்டலமாக விற்று முடிக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும். 13 ரூபாயைப் பங்கு போடுபவர்கள் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடுவார்கள். 70 ரூபாய்க்குக் கை நீட்டுபவர்கள் ஒரு நகரத்தையே நிரப்புவார்கள். பங்கு பெரிது என்பதால் ஆளுக்குக் கிடைப்பதும் பெரிதாகிவிடாது.

ஆளுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதற்கும் எழுத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் கிராக் என்ற, புகைக்கும் வகைக் கொக்கைன் விற்ற ஒரு கும்பல், கம்பெனி மாதிரி கணக்குப் புத்தகம் வைத்திருந்தது. நாலு வருடக் கணக்கு, இந்திய வம்சாவளிச் சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷ் கைக்கு வந்தது. அவரும் பொருளாதார நிபுணர் ஸ்டீவன் லெவிட்டும் அதை ஆராய்ந்து 2000இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கும்பல் விற்ற பேட்டையின் மாத வரவு சுமார் 32,000 டாலர். சரக்குக் கொள்முதல், மேலிடத்துக்குக் கப்பம், அடியாள் கூலி, ஆயுதம் எல்லாம் போகப் பேட்டைத் தலைவன் எடுத்துக்கொண்டது மாதம் 8,500 டாலர். அவனுக்குக் கீழே மூன்று தளபதிகள், ஆளுக்கு 700. தெருவில் நின்று விற்ற ஏறக்குறைய 50 பையன்களுக்கும் சேர்த்து 7,400. ஆளுக்கு 150 டாலர்கூட வரவில்லை. மணிக்கணக்கில் பார்த்தால் மூன்று டாலர் சொச்சம், அந்த நாட்டுச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியைவிடக் கம்மி. பல பையன்கள் அம்மா வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். வெளியில் சாதாரண வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இதுமாதிரி நூறு பேட்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருந்த இருபது பேருக்குத்தான் ஆளுக்கு வருடம் 5 லட்சம் டாலர்.

அந்த நாலு வருடத்தில் தெருவில் நின்றவர்களுக்குச் சாவு வாய்ப்பு நாலில் ஒன்று.

பின்னே ஏன் நின்றார்கள்? உங்கள் தம்பி சொன்ன அதே காரணம்தான். "அப்புறம் நானே ஆள் வைத்துப் பண்ணுவேன்." தலைவனின் 8,500 டாலர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சினிமாவில் வாய்ப்புத் தேடிக் கோடம்பாக்கத்துக்கு வந்தவர்கள் டீக்கடை பெஞ்சில் வருடக்கணக்காகக் காத்திருப்பது போல அவர்களும் காத்திருந்தார்கள். ஒரு நாற்காலி, அதற்கு ஐம்பது பேர். அந்த நாற்காலி காலியாவது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவன் செத்தால் அல்லது ஜெயிலுக்குப் போனால்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எல்லா ஆய்வும் இவ்வளவு குறைந்த கூலியைக் காட்டவில்லை. 1980களில் வாஷிங்டன் நகரத்தில் பிடிபட்ட விற்பனையாளர்களைப் பற்றி ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. போதைப்பொருள் விற்ற நேரத்துக்கு மணிக்கு சுமார் 30 டாலர் சம்பாதித்திருந்தார்கள், சட்டப்படியான வேலையில் 7 டாலர். ஆகவே "காசே வராது" என்று நீங்கள் சொன்னால் அது பொய். தம்பி அதைக் கண்டுபிடித்தும் விடுவான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. தொடர்ந்து விற்பவன் ஒரு வருடத்தில் கொலையாகும் வாய்ப்பு 70இல் ஒன்று. பலத்த காயம்படுவது 14இல் ஒன்று. சிறைக்குப் போவது 9இல் இரண்டு.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ கொக்கைனுக்குத் தேவையான இலையின் விலை சில நூறு டாலர். கொலம்பியாவை விட்டுக் கிளம்பும்போது 2,000 டாலரைச் சுற்றி. அமெரிக்காவில் மொத்த விலைக்குக் கைமாறும்போது 15,000 அளவில். கலப்படத்தைக் கழித்துத் தெரு விலையைக் கணக்கிட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டும். இவை ஏறக்குறைய 2008ஆம் வருட விலைகள். கப்பல் வாடகையாலோ பதப்படுத்தும் செலவாலோ இவ்வளவு ஏறாது. காபிக்கொட்டையும் அதே மலையில் விளைந்து அதே கடலைத்தான் தாண்டுகிறது. பீட்டர் ராய்ட்டர் போன்ற பொருளாதார நிபுணர்கள் 1990ஆம் வருட விலையைப் பிரித்துப் பார்த்தார்கள். தெரு விலையில் ஏறக்குறைய கால் பங்கு சிறைக்குப் போகும் அபாயத்தின் விலை. இன்னும் மூன்றில் ஒரு பங்கு அடிதடி, கொலை அபாயத்தின் விலை. வாங்குபவன் கொடுக்கும் காசில் பாதிக்கு மேல் யாரோ ஒருவருடைய ஆயுளுக்கான விலை என்று அர்த்தம்.

சரி, அந்த அபாயத்தைச் சுமப்பவனுக்கே அந்த விலை போய்ச் சேர வேண்டாமா? நியாயமாகப் போக வேண்டும். ஆனால் கூலியை நிர்ணயிப்பது அபாயத்தின் அளவு மட்டும் அல்ல. இவன் மாட்டேன் என்றால் அடுத்தவன் வருவானா என்பதுதான் கூலியை முடிவு செய்கிறது. ஐரோப்பாவுக்கு கொக்கைன் இறங்கும் ஆண்ட்வெர்ப், ராட்டர்டாம் துறைமுகங்களைப் பாருங்கள். 2023இல் ஆண்ட்வெர்ப்பில் மட்டும் 116 டன் பிடிபட்டது. அங்கே கன்டெய்னரின் ரகசிய எண்ணை எடுத்துக் கொடுக்கும் துறைமுக ஊழியருக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அந்த எண் சில பேர் கண்ணில் மட்டும்தான் படும். இரவில் வேலி தாண்டிக் குதித்து அந்தக் கன்டெய்னரிலிருந்து பையை எடுத்து வரும் பையன் போலீஸ் கையில் மாட்டுவது அதிகம், கூலி அவனுக்குக் குறைவு. பக்கத்துப் பேட்டையில் அவனைப் போல நூறு பேர். சாவி வைத்திருப்பவனுக்கு விலை உண்டு, தோள் கொடுப்பவனுக்கு இல்லை. உங்கள் தம்பியிடம் இருப்பது ஒரு டாடா ஏஸும் ஓட்டுநர் உரிமமும். அது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அவனையே கேளுங்கள்.

செடி வளர்ப்பவன் கதை இன்னும் மோசம். ஒன்றரை ரூபாய்க்காரன் அவன். கொலம்பியாவில் 2022, 2023இல் கோக்கா சாகுபடி வரலாறு காணாத அளவுக்குப் போனது. 2023இல் 2 லட்சத்து 53 ஆயிரம் ஹெக்டேர். அதே காலத்தில் பல மலையூர்களில் வாங்க ஆள் வரவில்லை, விலை விழுந்தது, வீட்டில் அரிசி பருப்புக்கே கஷ்டம். விவசாயி தன் சரக்கை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்தைக்குப் போக முடியாது. துப்பாக்கி வைத்திருக்கும் ஒரே கும்பல்தான் வாங்கும், அது சொன்னதுதான் விலை. ஆப்கானிஸ்தானில் அபின் விவசாயி அறுவடைக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுவான். பாதி விலைக்கு விற்பதாக ஒப்புக்கொண்டு வாங்கும் கடன் அது. 2022 ஏப்ரலில் தாலிபான் கசகசாச் சாகுபடியைத் தடை செய்தது. அடுத்த வருடம் சாகுபடி 95 சதவீதம் குறைந்தது. விவசாயிகளின் அபின் வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடிக்கு இறங்கியது என்று ஐ.நா. கணக்கிட்டது. அபின் விலையோ ஏறியது. பழைய சரக்கைப் பதுக்கி வைத்திருந்த வியாபாரிக்குக் கொண்டாட்டம். விலை இறங்கினாலும் ஏறினாலும் அடிமட்டத்தில் இருப்பவனுக்கு ஏதும் மிஞ்சுவதில்லை. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் கஞ்சா பயிரிடும் பழங்குடிக் குடும்பங்களும் வெளியூர் வியாபாரியின் முன்பணத்தில்தான் பயிரிடுகின்றன. உங்கள் தம்பியை வரச் சொல்லியிருப்பது அந்த மலையடிவாரத்துக்குத்தான்.

பேப்பரில் "சர்வதேசச் சந்தையில் 10 கோடி மதிப்புள்ள போதைப்பொருள் பறிமுதல்" என்று வருமே, அந்தத் தொகையும் உங்கள் தம்பியை ஏமாற்றியிருக்கும். அது கடைசிப் பொட்டலம் வரைக்கும் விற்றால் கிடைக்கும் விலை. வழியில் பிடிபட்டால் முதலாளிக்கு நஷ்டம் அவ்வளவு அல்ல. அதே அளவு சரக்கை மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுவர என்ன செலவோ அதுதான். கொலம்பியா ரேவில் பிடிபட்ட கிலோவுக்கு நஷ்டம் 2,000 டாலர், ஒரு லட்சம் அல்ல. பத்தில் ஒன்றிரண்டு போனால் போகட்டும் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதிவைத்துத்தான் அனுப்புகிறார்கள். போகட்டும் என்று எழுதிய அந்தக் கணக்கில் ஓட்டுநரும் அடக்கம். எனக்கு இந்த வழக்குகளில் பொறுக்க முடியாத இடம் இதுதான்.

இனி நம் ஊர்ச் சட்டம். 1985ஆம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், நீதிமன்றத்தில் என்.டி.பி.எஸ். என்போம். கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஒரு வருடம் வரை தண்டனை. அதற்கு மேல் 20 கிலோ வரை, 10 வருடம் வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தபட்சமே 10 வருடம், அதிகபட்சம் 20. அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். இந்த 10 வருடத்தை "முதல் தடவை, சின்னப் பையன், குடும்பக் கஷ்டம்" என்று சொல்லி நீதிபதியால் குறைக்க முடியாது. சட்டம் அவர் கையைக் கட்டிவைத்திருக்கிறது. லோடு என்று வண்டி வைத்து அனுப்புகிறார்கள் என்றால் 20 கிலோவுக்குள் இருக்காது.

ஜாமீனும் லேசில் கிடைக்காது. வணிக அளவு வழக்கில், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிமன்றத்துக்கே தோன்ற வேண்டும். சரக்கு அவன் ஓட்டிய வண்டியிலேயே இருக்கும்போது எந்த வக்கீல் அதைச் சொல்லி ஜெயிப்பார்? குற்றப்பத்திரிகை போடப் போலீசுக்கு 180 நாள் அவகாசம், நீதிமன்றம் அனுமதித்தால் ஒரு வருடம் வரை. "உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்பதும் எடுபடுவது கடினம். தெரிந்தே செய்ததாகத்தான் சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது அவன். வண்டி பறிமுதலாகும். ஆனால் வண்டிக் கடன் அப்படியே நிற்கும். தவணை கேட்டு உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

மேலே இருப்பவன் ஏன் மாட்டுவதில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். பை சுமப்பவனுக்குத் தனக்கு மேல் ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும், அதுவும் பட்டப்பெயரில். தவிர, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் கொடுத்த தீர்ப்பின்படி, விசாரணை அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அடித்து வாங்கும் வாக்குமூலத்திலிருந்து ஏழைகளைக் காப்பாற்றுகிற, மிகச் சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். அதனால், "அவன்தான் அனுப்பினான்" என்று உங்கள் தம்பி சொல்வது மட்டும் போதாது. அனுப்பியவனைப் பிணைக்க போன் பதிவு, பணப் பரிமாற்றம் என்று வேறு ஆதாரம் வேண்டும். அனுப்புபவன் அதைத்தான் முதலில் அழிக்கிறான். நான் பார்த்த வழக்குகளில் ஒன்றில், லோடு வண்டி ஓட்டிய ஒரு பையனுக்குப் பேசிய கூலியில் பாதிதான் முன்பணமாகக் கைக்கு வந்தது. மீதியைத் தர வேண்டியவன் பெயர் குற்றப்பத்திரிகையில் கடைசி வரை வரவே இல்லை. அந்தப் பையனின் அம்மா வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்தார். அவர் செலவழித்த பஸ் காசே கூலியைத் தாண்டியிருக்கும்.

20,000 ரூபாயை 10 வருடத்து 3,650 நாளால் வகுக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்தரை ரூபாய் வரும். பிடிபடாமலும் போகலாமே என்பான். ஒரு தடவை போகலாம்தான். ஆனால் அவன் திட்டம் நாலு தடவை, அப்புறம் ஆள் வைத்து. ஆந்திர எல்லை, தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடிகள், சுங்கச்சாவடிக் கேமரா, ஃபாஸ்டேக் பதிவு எல்லாம் ஒவ்வொரு தடவையும் அதே வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. இன்று ராத்திரியே அவனிடம் ஒன்றைக் கேளுங்கள்: முன்பணம் ஏதாவது வாங்கியிருக்கிறானா? வாங்கவில்லை என்றால் மறுப்பது சுலபம். "அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, வக்கீலிடம் போய்ச் சொல்லிவிட்டாள்" என்று உங்கள் தலையில் பழியைப் போடச் சொல்லுங்கள். விஷயம் வெளியே போன ஆளை அவர்கள் நம்பமாட்டார்கள், விட்டுவிடுவார்கள். வாங்கியிருந்தால் நீங்களாகப் போய்த் திருப்பிக் கொடுக்காதீர்கள், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். சேர்ந்து செய்வதாக ஒப்புக்கொண்டதே சதி என்று வழக்காகலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வண்டி, வங்கிக் கணக்கு, சிம் கார்டு எதையும் "சும்மா ரெண்டு நாளைக்கு" என்று அந்தப் பையனுக்குக் கொடுக்கக் கூடாது. மிரட்டல் வந்தால் தமிழ்நாடு மதுவிலக்குப் போலீசின் உதவி எண் 10581க்குச் சொல்லுங்கள். தம்பிக்கே பழக்கம் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் போதை மீட்பு உதவி எண் 14446. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்து கடன். அவனை இந்த வாசலுக்குத் தள்ளியது அந்த மூன்று தவணைதான். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் அவர்கள் சம்மதத்தோடு வண்டியை விற்றுக் கடனை முடித்துவிட்டு வேறு வண்டிக்குச் சம்பள ஓட்டுநராகப் போகலாம். வண்டி போவது அவனுக்கு மானக்கேடாகத் தெரியும். பக்கத்தில் இருங்கள், அந்த வாரம் அவனைத் தனியாக விடாதீர்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் அவன் தலையாட்டவில்லை என்றால் ஒரு வேலை நாளில் மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அங்கே போதைப்பொருள் வழக்குகளுக்கென்றே சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போலீஸ் வேன் வந்து நிற்கும். அதிலிருந்து இறங்குபவர்களின் வயதையும் காலில் கிடக்கும் செருப்பையும் அவன் பார்க்கட்டும். நான் வாசலில் இருப்பேன். அவனோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம்.